ஒன்பதாவது பெயர்

அம்மாவுக்கு, தமிழ்ப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மைசூரில் நான் நலம். வார்டனுக்குத் தெரியாமல் அறை வாசலில், வராந்தா விளக்கில் எழுதுகிறேன்.

சின்ன விஷயம்தான், பயப்படாதீர்கள். விடுதி வருகைப்பதிவுக்கு நானும் அறைத்தோழி தாரணியும் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினோம். எங்கள் அறையில் ஏற்கெனவே எட்டுப் பேர், கடைசியாக வந்த நான் ஒன்பதாவது. லேப் சார் முன்னால் என் பெயரைச் சேர்த்ததும் அது நின்றுவிட்டது. தாரணிதான் என் பெயர் வராதபடி ஏதோ செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். சார் அவளை லேபுக்கு வரக்கூடாது என்றார்.

"உன்ற பேரை நான் எதுக்குடி தூக்கப்போறேன்?" என்றாள்.

இன்று புரோகிராமைத் தனியாகப் பார்த்தேன். எட்டுப் பெயர்களை அர்ரேயில் வைத்தது நான்தான். அர்ரே என்பது அளவு மாறாத வரிசை, எட்டு இடம் என்றால் எட்டுத்தான். லிஸ்ட் என்பது சேர்க்கச் சேர்க்க நீளும் பட்டியல். ஆனால் லிஸ்ட் கேட்கும் இடத்தில் அர்ரேயைக் கொடுத்தால், தானும் லிஸ்ட்தான் என்று உள்ளே போய்விடுகிறது. எண்ணச் சொன்னால் எண்ணும், ஒரு பெயருக்குப் பதில் இன்னொன்றை வைக்கும். புதிதாகச் சேர்த்தால் மட்டும் முடியாது என்கிறது. அதையும் ஓடும்போதுதான் சொல்கிறது, எழுதும்போது தப்பே காட்டவில்லை.

தாரணிக்கு இது முன்பே தெரியுமோ? நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறாளோ? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்குகிற மாதிரி இல்லை. உண்மையைச் சொன்னால் என்னையும் லேபிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கட்டிலும் இங்கே எட்டுதான். ராமாபுரம் பஸ்ஸில் கெட்டியான பாய் ஒன்று கொடுத்துவிடுங்கள், தரை குளிர்கிறது. உங்கள் பழைய சேலையும் ஒன்று வையுங்கள்.

தாரணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள் ப்ரியா