முன்கூட்டிப் போர்த்திய பொன்னாடை

ஜனவரி 15, வியாழன்

ஸ்காபரோவில் மைனஸ் பதினெட்டு. நான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ் இரண்டாம் தடவைதான் ஸ்டார்ட் ஆனது. பிள்ளைகள் கொஞ்சம் பிந்திப் பள்ளிக்கூடம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

சனிக்கிழமை எங்கள் கட்டடத்துச் சங்கத்தின் பொங்கல் விழா. என் பொறுப்பில்:
கரும்பு (வாங்கியாயிற்று)
வாழைப்பழம்
கடதாசிக் கோப்பை
கவுன்சிலரை வாசலில் வரவேற்பது

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்னிடம் பொங்கல் கரும்பை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று கீழ்மாடியில் ஒரே பகிடி. வேறு யாரிடம் கொடுத்தாலும் கரும்பு வந்து சேராது என்பது அவர்களுக்கும் தெரியும்.

கவுன்சிலரைக் கூப்பிடுவது பொங்கல் சாப்பிட அல்ல. பூங்காக் கழிப்பறை விஷயம். குளிர் தொடங்கப் பூட்டினால் மே மாதம்தான் திறக்கிறார்கள். பைப் உறைந்து வெடித்துவிடுமாம். எங்கள் நடைக்குழுவில் எல்லோரும் அறுபதை எட்டிய பெண்கள், பாதிப் பேருக்கு நீரிழிவு. பைப்பில் இருக்கிற கரிசனை எங்கள் மூத்திரப்பையில் இல்லை.

புஷ்பராணி அக்கா (இனி பு. அக்கா, முழுப்பெயர் எழுதக் கை உளைகிறது) நவம்பருக்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. பதினோராம் மாடி, மகன் வேலைக்குப் போனால் தனியே. கேட்பவர்களிடம் முழங்கால் வருத்தம் என்கிறார். முழங்காலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று பூங்காவின் அந்தக் கோடியில் அவரால் அடக்க முடியாமல் போய்விட்டது. பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார். என் கோட்டைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டி, பின்பாதையால் கூட்டி வந்தேன். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். இங்கே எழுதியதே அதிகம்.

அவர் இல்லாத நடை உப்பில்லாத கஞ்சி. யாருடைய மருமகள் என்ன சொன்னாள் என்று அவரைப்போல் விபரமாகச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

கழிப்பறையைத் திறக்கவைத்து அவரைக் கீழே இறக்குவேன். நான் எடுத்த காரியம் எது முடியாமல் போயிருக்கிறது?

ஜனவரி 17, சனி

விழா அமோகம். பொங்கல் அடிப்பிடித்தது, ஆனாலும் சட்டி காலி.

சங்கச் செயலாளர் சிவநேசன் அண்ணை மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு கேடயமும் கொடுத்தார். பொன் எழுத்தில் இரண்டு மொழியிலும்: "குளிர்காலக் கழிப்பறை தந்த பெருந்தகைக்கு எமது மக்களின் நன்றி." கவுன்சிலர் வாசித்துவிட்டுச் சிரித்தார். உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது, என் பட்டியலில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபம் அதிரக் கைதட்டல். அதிகம் தட்டியது நான்.

"இன்னும் தரேல்லையே அண்ணை?" என்று மெல்லக் கேட்டேன்.

"அதுக்குத்தானே தங்கச்சி கேடயம். ஊரில எம்.பி.மாருக்கு மாலையைப் போட்டுப் போட்டுத்தானே ரோட்டு வாங்கினனாங்கள். இனி உவர் தப்பேலாது."

சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் பு. அக்காவுக்குப் போன்.

"அக்கா, அலுவல் சரி."

"உண்மையாவோடி?"

"கேடயத்தில எழுதியே குடுத்தாச்சு."

"அப்ப நானும் இனி வரலாம்." குரலில் பழைய துள்ளல். பிறகு பொங்கல் எப்படி அடிப்பிடித்தது என்று ஒரு விசாரணை. போனை வைக்க மனமே வரவில்லை இரண்டு பேருக்கும்.

ஜனவரி 19, திங்கள்

பனி கொட்டுகிறது. பள்ளிக்கூடம் மூடவில்லை, எனக்குத்தான் துரதிர்ஷ்டம்.

காலை ஓட்டம் முடிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போன். எப்போது திறப்பீர்கள் என்று கேட்கத்தான். எடுத்த பெண் மரியாதையான பிள்ளை. தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: பட்ஜெட்டில் அப்படி ஒன்று இல்லை. உங்கள் கோரிக்கை முடிந்தது என்று மூடப்பட்டிருக்கிறது.

எப்படி முடிந்தது?

நீங்கள் நன்றி சொன்னீர்களே என்றாள். விழாவுக்கு வந்த எங்கள் ஆள் குறித்திருக்கிறார், மக்கள் திருப்தி, கழிப்பறைக்கு நன்றிக் கேடயம் தந்தார்கள் என்று. வேறு யாரோ ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தோம்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அதேதான் வந்தது.

யாரைக் குற்றம் சொல்ல? எங்கள் ஆட்களுக்குப் பொன்னாடை என்பது ஆளைக் கட்டிவைக்கிற கயிறு. போர்த்திவிட்டால் வெட்கத்துக்காவது செய்வார் என்று நம்புகிறோம். இவர்களுக்கு நன்றி என்றால் நன்றி, அலுவல் முடிந்தது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் படமும் ஏறிவிட்டது. பொன்னாடையோடு கவுன்சிலர், பக்கத்தில் நான், வாயெல்லாம் பல்.

அந்தப் பிள்ளையே வழியும் சொன்னாள். புதன்கிழமை பட்ஜெட் கமிட்டி ஸ்காபரோவில் பொதுமக்களைக் கேட்கிறதாம். பதிந்தால் மூன்று நிமிடம் பேசலாம். அங்கே பேசினால் பதிவாகும், அதை வைத்துக் கவுன்சிலர் திருத்தம் கொண்டுவரலாம். நாளை மதியத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

ஒஷாவாவில் இருக்கிற மகள் டிலானி போனிலேயே பதிந்து தந்தாள்.

"அம்மா, யூ ஆர் ஸ்பீக்கிங்? ஏன், சிவநேசன் அங்கிள் பேசமாட்டாரா?"

"அவர் பேசி முடிய ஐஸ் உருகிடும்."

பு. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அலுவல் சரி என்று சொன்ன வாய் இது.

ஜனவரி 20, செவ்வாய்

சிவநேசன் அண்ணைக்குக் கோபம். செயலாளர் இருக்கப் பஸ் ஓட்டுகிறவள் பேசுவதா? சரி, ஒத்திகை பார்ப்போம் என்று கீழ் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். மைக்ரோவேவ் மணியை மூன்று நிமிடத்துக்கு வைத்தேன். அவர் தொடங்கினார். பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உபதலைவர் அவர்களே, மேன்மைதங்கிய உறுப்பினர்களே, அதிகாரிகளே, வருகை தந்திருக்கும் பெரியோர்களே. தமிழரின் விருந்தோம்பல் பற்றி ஒரு பந்தி. பொங்கலின் தத்துவம் பாதியில் நிற்க மைக்ரோவேவ் கத்தியது. கழிப்பறை வாசலுக்கே போகவில்லை.

மைக்ரோவேவின் கதவைத் திறந்து மூடினார். "சரி தங்கச்சி. நீர் கதையும். ஆனா வணக்கமாவது சொல்லும்."

மனுஷன் நல்லவர்.

பின்னேரம் பு. அக்கா வீடு. உண்மையைச் சொன்னேன், கேடயத்தால் வந்த வினையை. சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பிறகு கேட்டேன், அன்று நடந்ததை அங்கே சொல்லட்டுமா, பெயர் சொல்லமாட்டேன்.

"என்ர மானத்தைக் கொண்டுபோய் மைக்கில வைக்கப் போறியோ?"

"பேர் வராது அக்கா."

"பேர் என்னத்துக்கு? நவம்பரில இருந்து நடைக்கு வராமல் நிக்கிறது நான் ஒருத்திதான். எல்லாரும் கண்டுபிடிச்சிடுவினம். வேண்டாம் ஜெசி. நான் இப்பிடியே மேல இருந்திட்டுப் போறன்."

நியாயம்தான். இறங்கி வந்தேன்.

ஆனால் சம்பவம் ஒன்று இல்லாமல் என்ன பேசுவது? நீரிழிவு, வயது, குளிர் என்று பொதுவாகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். சப்பாத்தி சுட்டேன். மூன்று கருகியது.

ஜனவரி 21, புதன்

மத்தியானம் வெயில். குளிர் மட்டும் அப்படியே.

எனக்கு முன்னால் பேசியவர்கள்: நூலகம் ஞாயிறும் திறக்கட்டும் என்று ஒரு மாணவி. ஸ்கேட்டிங் தளத்துக்கு ஒரு தகப்பன். மரங்களுக்காக ஒரு கிழவர், பாவம், அழுதே விட்டார். பஸ் தரிப்பில் கூரை வேண்டும் என்று ஒரு சோமாலியப் பெண். எல்லோரும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். எனக்குப் பயம் வந்தது அதனால்தான். இவ்வளவு நியாயத்துக்கும் எங்கே போவார்கள்?

என் பெயர் கூப்பிட்டார்கள். வணக்கம் சொன்னேன், சிவநேசன் அண்ணைக்காக. உடனே ஓர் உறுப்பினர் கேட்டார், இந்தக் கழிப்பறைக்கு நன்றி சொன்ன படம் பார்த்தேனே, கிடைத்துவிட்டதல்லவா? மண்டபத்தில் சிரிப்பு.

என் ஆங்கிலம் பஸ் ஆங்கிலம். உட்கார், பெல்ட் போடு, கத்தாதே. அதையே கொஞ்சம் நீட்டினேன். எங்கள் ஆட்கள் தருவதற்கு முன்னமே நன்றி சொல்லிவிடுவார்கள், தருகிறவர் வெட்கப்பட்டாவது தரட்டும் என்று. அந்த நன்றி இன்னும் கடனாக நிற்கிறது, தயவுசெய்து தீர்த்துவிடுங்கள் என்றேன். இந்தமுறை என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு சொன்னேன். நவம்பரில் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நனைந்து நின்றது நான்.

நான் என்றேன். வரும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதே தீர்மானித்துவிட்டேன். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைத் தினமும் பத்திரமாக வீட்டில் விடுகிறேன், அன்று என்னை என் வீட்டுக்கு மானத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை என்றேன். அதற்குப் பிறகு வெளியே வரப் பிடிக்காமல் ஒரு பெண் தன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறாள், அவளுக்குக் கால் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கமிட்டித் தலைவி பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நேரம் மிச்சம் இருந்தது. நன்றி சொல்லாமல் இறங்கினேன்.

பொய்தான். நடந்தது உண்மை, ஆள் மட்டும் மாற்றம். ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம்.

ஜனவரி 22, வியாழன்

கூட்டம் நேரலையில் போனதாம். எனக்கு அது நினைவே இல்லை. வாட்ஸப்பில் ஸ்காபரோ முழுக்க நான்.

டிலானி விடியவே போன். "அம்மா, ஆர் யூ ஓகே? ஏன் என்னட்டச் சொல்லேல்ல?" அழுகிறாள். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பு. அக்காவைச் சொன்ன மாதிரி.

லிஃப்டில் இரண்டு பேர் கிசுகிசு. "உவதான், பஸ் ஓடுறவ."

"ஓம், நான்தான்" என்றேன். இருவரும் மாடி இலக்கங்களை வாசிக்கத் தொடங்கினார்கள்.

கதவடியில் யாரோ பெரியவர்கள் நனையாமலிருக்கப் போடுகிற பாட் ஒரு பக்கற் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கரிசனையா நக்கலா தெரியவில்லை. நல்ல பிராண்ட். எடுத்து உள்ளே வைத்தேன்.

சிவநேசன் அண்ணை படியில் மறித்தார். "தங்கச்சி, உமக்கு இப்பிடி நடந்தது நாங்கள் ஒருத்தரும் அறியேல்லையே." கண் கலங்கிவிட்டது அவருக்கு. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பு. அக்கா போனை எடுக்கவில்லை. காலை, மத்தியானம், பின்னேரம். ஊர் சிரிப்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாம். இது வலிக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம். சுவாமியார் முழுக்கதையும் கேட்டார். அபராதமாகச் சில செபங்கள் கொடுத்தார், ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பு. அக்கா இன்றும் எடுக்கவில்லை. மகனை வாசலில் கண்டேன். "அம்மா வீடியோவைப் பாத்தவ, அன்ரி. திருப்பித் திருப்பிப் பாத்தவ. ஒண்டும் சொல்லேல்லை."

பஸ்ஸுக்கு வைப்பர் மாற்ற வேண்டும்.

பெப்ரவரி 11, புதன்

அலுவலகத்துப் பெண் தானாகவே போன் எடுத்தாள். நகரசபையில் பட்ஜெட் நிறைவேறிவிட்டது. எங்கள் கவுன்சிலர் திருத்தம் கொண்டுவந்தார், ஏற்றுக்கொண்டார்கள். கோடையில் பைப்புக்குப் போர்வை போடுவார்கள், அடுத்த குளிருக்குக் கதவு பூட்டமாட்டார்கள். அதுவரை நடைபாதை ஓரத்தில் ஒரு தற்காலிகக் கழிப்பறை, இந்தக் கிழமையே.

பஸ்ஸுக்குள் தனியே இருந்து விசிலடித்தேன்.

சிவநேசன் அண்ணைக்கு உடனே சொன்னேன். "பாராட்டு விழா ஒண்டு வைப்பம் தங்கச்சி! மண்டபம் புக் பண்ணட்டோ?"

"அண்ணை, பொன்னாடையைப் பெட்டிக்குள்ள வையுங்கோ. அடுத்த குளிருக்குத் திறந்திருக்கிறதைக் கண்ணால பாத்திட்டுப் போத்துவம்."

பு. அக்காவின் மகனிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்கிறேன் என்றான். மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பெப்ரவரி 14, சனி

தூறல் பனி. தற்காலிகக் கழிப்பறை நேற்றே வந்துவிட்டது, நீல நிறம். போய்ப் பார்த்தேன். பூட்டு நன்றாக விழுகிறது, கடதாசி இருக்கிறது. நாற்றம் இன்னும் தொடங்கவில்லை.

பத்து மணி நடைக்குக் கீழே கூடினோம். சிவநேசன் அண்ணையின் மனைவி தவமணி என்னைக் கண்டதும், "என்ன ஜெசி, வீட்டில போயிட்டுத்தானே வந்தனி? நீலப்பெட்டி கிட்டத்தான் எண்டு நம்பி வராதை!" எல்லோரும் கொல்லென்று சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

லிஃப்ட் திறந்தது யாருக்கும் தெரியவில்லை.

"என்னடி பகிடி?"

பு. அக்கா. கோட்டு, சால்வை, தொப்பி, எல்லாம் போட்டு நிற்கிறார். முகம் மெலிந்திருக்கிறது. தவமணி பதில் சொல்ல வாயெடுத்தார், அக்கா விடவில்லை.

"அண்டைக்கு நனைஞ்சது நான். இவளில்லை. தன்ர கோட்டைக் கழட்டி எனக்குக் கட்டிவிட்டு, வெறும் சுவெட்டரோட நடுங்கி நடுங்கி வந்தவள் இவள். சிரிக்கிறதெண்டா என்னைப் பாத்துச் சிரியுங்கோ. இஞ்ச நிக்கிறன்."

தவமணி, "இல்லையக்கா, நான் சும்மா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவுடைய சால்வையை இழுத்துக் கழுத்தை மூடிவிடப் போனேன்.

"விடு. எனக்குக் கையிருக்கு" என்றார். "நட."