ஆடு தின்னாத புல்

பெப்ரவரி 25, புதன்

வெயில். முழங்கால் எரிச்சல். கோல் வாசல் மொட்டைத் தரை, பாய்ந்தால் தோல் போகும். விவசாயக் கல்லூரியின் முதல் பெண்கள் அணி, முதல் சீசன், கோல்கீப்பர் நான். கடைசி இடம் வந்தால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் பட்டாணி விதைப்பார்களாம். பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். விளையாட்டுக்கில்லை.

வேறு யாராவது என்றால் மணல் கொட்டியிருப்பார்கள். நாங்கள் ஒரு பக்கக் கோல் வாசலில் புல் விதைத்து, கல்லூரிப் பட்டியிலிருந்து ஆட்டெருவும் அள்ளிப் போட்டோம். தள்ளுவண்டியைத் தள்ளியது கப்டன் கியாரா.

வீட்டுக் கதவிலேயே அம்மா: "சப்பாத்தை வெளியாலை வை. படிக்க விட்டனாங்களோ, எரு அள்ள விட்டனாங்களோ?"

மார்ச் 19, வியாழன்

மழை விட்டது. மைதானம் முழுக்கக் காடு. புல் வெட்டும் மெஷின் பழுது. மிச்சம் ஒரே ஒரு மேட்ச், இன்ஜினியரிங்கோடு. சமன் செய்தாலே கடைசி இடம் அவர்களுக்கு. செய்வோம்.

கியாராவின் யோசனை: "செம்மறிகளை மேயவிடுவோம்."

மார்ச் 27, வெள்ளி

செம்மறிகள் மைதானத்தை வழித்துத் தின்றுவிட்டன. நாங்கள் எருப் போட்ட கோல் வாசலை மட்டும் மோந்து பார்த்துத் திரும்பிவிட்டன. தங்கள் எருவில் முளைத்ததை ஆடு தின்னாது. முதலாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதியும் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை! கத்தரிக்கோலால் வெட்டுவோமா என்றாள் கியாரா. விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாளைக்கு மேட்ச் பார்க்க அம்மா வாறா, முதல் தடவையாக. கால்சாப் பகுதியில் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய எசமானி, சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டிருக்கிறா. அம்மா பார்க்கப்போறதுக்குத்தான் கொஞ்சம் பயம்.

மார்ச் 28, சனி

காற்று. முதல் பாதியில் புல் முளைத்த கோல் வாசல் அவர்களுக்கு. கியாரா தலையால் அடித்து எங்களுக்கு ஒரு கோல். அவர்களும் ஒன்று. இரண்டாம் பாதியில் அந்தக் கோல் வாசல் எனக்கு.

கடைசி நிமிடம். அவர்களின் நெட்டைப் பெட்டை என்னைச் சுற்றிப் போய், வெறுங்கோலுக்குள் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அணி போச்சு என்றே நினைத்தேன். பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் புல்லுக்குள் நின்றுவிட்டது. பாய்ந்து கட்டிப்பிடித்தேன். விசில். அழுதேன், நல்லாய் அழுதேன். பட்டாணி வேறு எங்கேயாவது முளைக்கட்டும்.

எங்கள் வீடிருக்கும் ஒரேத்தோவுக்கு வரும் பஸ்ஸில் அம்மா: "பந்தை நீ பிடிச்சனியோ, புல்லுப் பிடிச்சதோ?"

"புல்லை வளர்த்தது ஆரம்மா?"