எப்படிப் பார்த்தாலும் அக்காதான்

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். உனக்கு மூட்டுவலி என்று என் மகள் சொன்னாள். இப்போது குறைந்ததா? நான் நலம்.

அறிவியல் உண்மையை எப்படி அறிகிறது என்று ஆராயும் ஒரு தத்துவப் பேராசிரியரின் புத்தகத்தை, அவர் வீட்டிலேயே தங்கி இங்கே தட்டச்சு செய்கிறேன். மகா மேதை, காற்புள்ளி வைக்கத் தெரியாது. "எது நடந்தாலும் சரியென்றே நிற்கும் கருத்தை நம்பாதே" என்பது அவர் ஆயுள் முழுதும் சொன்னது. நேற்று, என் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டார்.

"அக்கா பேச்சைக் கேட்டு ஆபரேஷன் பண்ணினோம். அதான் போயிட்டார்."

"பண்ணாம இருந்து அவர் போயிருந்தா?"

"அக்கா அழுத்திச் சொல்லலைன்னு திட்டியிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஆக, எப்படிப் பார்த்தாலும் அக்காதான்! பாவம், அந்தம்மா தப்பிக்க வழியே வைக்கலையே நீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கருத்தைப் பக்கம் பக்கமாகப் பிழையில்லாமல் அடித்தவள் நான். பதினொரு வருடம் உன்னோடு பேசாதவளும் நான்தான். அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்.

என் வீட்டு இரும்பு பீரோவில் என் கணவருடைய ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கிறது. நான் பிரித்ததே இல்லை. மகளிடம் சாவி வாங்கி நீ படி. நான் நினைத்தது தப்பென்று அதில் இருந்தால், அந்தப் பக்கத்தை முதலில் அனுப்பு. கூடவே பெரிய கடிதமாக எழுது. இங்கே எனக்கென்று தபால் எதுவும் வருவதில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் தங்கை