மேல்மாடத்தில் இன்னோர் இடம்

என் பொல்லாத ரசிகனுக்கு,

நீ உன் இறைச்சிக் கடைக்குக் கிளம்பிய பிறகு, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் விதித்த நாற்பது நாள் மௌனம் முந்தாநாளோடு முடிந்தது. ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே பார்மா நகர அரங்கில் நான் பாடிய முதல் இசை நாடகம், என் முதல் ஓப்பரா, ஞாபகமிருக்கிறதா? உச்ச ஸ்வரத்தில் ஒரு நூலிழை சுருதி இறங்கிவிட்டேன். மேல்மாடத்திலிருந்து நீ கத்தினாய்: "ஏம்மா, மூச்ச வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" அரங்கமே சிரித்தது. நீ யாரென்று விசாரித்து, மறுநாள் சண்டை போடத்தான் உன் கடைக்கு வந்தேன். நீயோ, "பசியோட பாடுனா மூச்சு நிக்காது. இந்தா, மொதல்ல சாப்பிடு" என்று தட்டை நீட்டினாய்.

கல்யாணமாகி இருபது வருடமாகியும் நீ என்னை ஒருநாள்கூட விட்டுவைத்ததில்லை. தினமும் காலையில் என் வாய்க்கு நேரே மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பாய். பாடும்போது சுடர் துளி அசைந்தாலும், "காத்து வீணாப் போகுது, மறுபடி பாடு" என்பாய்.

நேற்றும் நீதான் ஏற்றினாய். மூன்றாவது ஸ்வரத்திலேயே சுடர் சாய்ந்து அணைந்துவிட்டது. நீ புகையைக் கையால் விலக்கிவிட்டு, "ரொம்ப நல்லாருக்குடி" என்றாய்.

அப்படி நீ ஒருநாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே ஓப்பராவில் எனக்குப் பதிலாக இளம் பாடகி நொயேமி பாடுகிறாள். மேல்மாடத்தில் உன் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வை. அந்த உச்ச ஸ்வரத்தில் அவள் இறங்கினால், வழக்கம்போல் கத்து. இறங்காவிட்டால், என் கையைப் பிடித்துக்கொள்.

உன் பக்கத்து இருக்கைக்காரி