தந்த நிறப் போனின் மணி

என் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்கு லைன் கிடையாது. இதையெல்லாம் நம்புகிறவள் நான் இல்லை என்று உனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு சேதி இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

நீ சேர்த்த பழைய டயல் போன்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அலமாரியில் நீ வைத்த வரிசை கலையவில்லை. உன்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நீ இருந்தவரை ஒன்றைக்கூடத் தொடாத மாமா, இப்போது தினமும் துடைக்கிறார். ஆனால் போன மாதம் அவை வீட்டைவிட்டே போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு போனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு விருத்தாசலம் ஜங்ஷன் பக்கமிருந்து உன் வீட்டுக்கு வருவேன். சாப்பாட்டு மேசையில் உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. இருவரும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தில் விரல் வைத்துச் சுழற்றி விடுவோம். எது சீராகத் திரும்புகிறது, எதன் கறகறப்பு சுத்தமாக இருக்கிறது என்று காது கொடுப்போம். மங்கலம்பேட்டையில் துபாய்க்காரர் வீட்டில் வாங்கி வந்தாயே, அரபி எண் போட்ட சிவப்புப் போன்? வட்டமாக இருந்ததைப் பூஜ்யம் என்று சுழற்றிவிட்டு, என்னா வேகம் பாரு என்று நாளெல்லாம் பெருமைப்பட்டாய். அது ஐந்து. புள்ளிதான் பூஜ்யம் என்று அந்த வீட்டு அம்மா சொன்ன பிறகும் நீ ஒத்துக்கொண்டாயா?

நம் பெரிய சண்டை அந்தத் தந்த நிறப் போனைப் பற்றித்தான். ஒரிஜினல் என்பாய். இரண்டு போனைச் சேர்த்துச் செய்தது என்பேன் நான். மேசையில் வைக்கும்போது எல்லா போனிலும் உள்ளே மணி கணீரென்று சிணுங்கும். அதில் மட்டும் சத்தம் அடங்கி வரும். திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் பிடுங்கிக்கொள்வாய்.

"படிச்சவளுக்கு சாமி மேலயும் சந்தேகம், போனு மேலயும் சந்தேகம். தொடாதடி."

நீ போன பிறகு அங்கே வர எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. காரணமில்லாமல் யார் வீட்டுக்கும் போகிறவள் இல்லை நான். மாமாவும் வாயைத் திறந்து கூப்பிடுகிறவர் இல்லை.

போன மாதம் அவரே செல்லில் அழைத்தார். புதுச்சேரியில் விடுதி நடத்தும் ஒருவர், வரவேற்பறையில் வைக்க எல்லா போனையும் கேட்கிறாராம். ஒரிஜினல்தானா என்று நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "குடுத்துடலாமான்னு நீயே சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் ஓடல."

வந்தேன். முதல் வேலையாகத் தந்த நிறத்தைக் கவிழ்த்தேன். பிடுங்க யாரும் இல்லை. திருகாணிகளின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அடித்தகட்டை எடுத்தால், இரண்டு மணிகளில் ஒன்று வேறு போனுடையது. அது ஆடாமல் இருக்க அடியில் ஒரு வெள்ளைச் செராமிக் வளையம், கையால் உரசி அளவு சேர்த்தது. தெருவுக்குத் தெரு பீங்கான் சூளை இருக்கும் நம் விருத்தாசலத்தைத் தவிர வேறெங்கே போனுக்குள் பீங்கான் வைப்பார்கள்?

மாமா பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் வேலை பார்த்தவர். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"உங்க அக்காதான் உரசிக் குடுக்கச் சொன்னா. வாங்கின வாரமே தொறந்து பாத்துட்டா. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னா. சண்ட தீந்துச்சின்னா இவ நம்ம வூட்டுப் பக்கமே வரமாட்டான்னா."

வந்திருப்பேன் அக்கா. வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ ஏன் அப்படி நினைத்தாய்? அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

வளையத்தை அசைக்காமல் தகட்டை மூடினேன். விடுதிக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். மாமாவின் முகம் தெளிந்தது. டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை நீ போடுவதைவிட அதிகம்.

அடுத்த ஞாயிறு என் கறுப்புப் போனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கேட்காமலே அவர் தந்த நிறத்தை எடுத்து மேசையில் வைத்தார். மணி அடங்கிச் சிணுங்கியது.

"கலப்படம்," என்றேன்.

"ஒரிஜினலு," என்றார், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். உன்னோடு வாழ்ந்து நன்றாகத்தான் பழகியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவேன், அக்கா. எதற்கு என்று யாராவது கேட்டால் சண்டை போட என்று சொல்லிக்கொள்கிறேன். அது ஒரிஜினல் என்று மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு நீ என்னை நம்பலாம்.

இன்னும் சந்தேகம் தீராத
உன் தங்கை,
சுமதி