நாற்பத்து நான்கில் பேசிய பெட்டி

அம்மா மண்டபம் சாலை,
ஸ்ரீரங்கம்.
தை 11, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பிலோமின்ராஜ் சார் அவர்களுக்கு,

அழகர்சாமியின் வணக்கம். நானும் அனுசுயாவும் சுகமாக இருக்கிறோம். அமெரிக்கப் பனியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. மகன் ஆசீர் வாங்கிக் கொடுத்த கம்பளிக் காலுறையைக் கழற்றாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஏகாதசிக் கூட்டம் வடிந்து ஊர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. காவிரியில் புதுப் பாலம் கட்டும் வேலை நடப்பதால் மேலப்புதூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை போய் உங்கள் வீட்டைத் திறந்து காற்றாட வைத்துவிட்டு வருகிறேன். பின்கட்டில் ஓடு ஒழுகிய இடத்தைச் சரிசெய்தாயிற்று. கல்லறைத் திருநாள் அன்று நீங்கள் சொன்னபடியே உங்கள் துணைவியார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை நின்று எரிந்தது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது.

அதைச் சொல்லத்தான் இந்த மாதம் மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் பனியைப் பற்றிப் பேசினீர்கள். நானும் பனியைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். எதிரில் ஆளோ குரலோ இருந்தால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் ஒரே இயற்பியல் துறையில் இருந்திருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். இதை ஆசீரை வாசிக்கச் சொல்லாமல், முதலில் நீங்களே தனியாக வாசித்துவிடுங்கள்.

உங்கள் பழைய எஃப்.எம். ரேடியோப் பெட்டியைக் கேட்டிருக்கும் அமெரிக்க அருங்காட்சியகத்தின் படிவத்தை ஆசீர் எனக்கு அனுப்பியிருந்தான். அதில் ஒன்பதாவது கேள்வி: பெட்டி செய்யப்பட்ட நாளிலிருந்து உள்ளே ஏதாவது மாற்றப்பட்டிருக்கிறதா, ஆம் என்றால் யார், எப்போது, எதற்காக. அதற்கு எதிரே நீங்கள், ‘இல்லை. 1972 முதல் என் பொறுப்பில் இருக்கிறது. எவரும் திறந்ததில்லை’ என்று தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். கீழே சாட்சி என்ற இடத்தில் என் பெயர். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து படம் எடுத்து, சாட்சிக் கையெழுத்தும் போட்டு, பிப்ரவரி பத்தாம் தேதி பெட்டியை எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் கையெழுத்தை என்னால் போட முடியவில்லை. பெட்டியைத் திறந்தவன் நான். திறந்து, நிலையத்தைப் பிடித்துத் தரும் கம்பிச் சுருள்களான காயில்களை வெட்டி மாற்றியவனும் நான். 2001ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம்.

இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வருடா வருடம் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு நீங்கள் நடத்திய அந்த ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இடி இடித்தாலும் கரகரக்காத ஒலிபரப்பு ஒன்றை ஒரு மனிதர் கண்டுபிடித்தார். அதற்காக நிலையங்கள் எழுந்தன, வீடுகளுக்குப் பெட்டிகள் வந்தன. போர் முடிந்த வருடம் அமெரிக்காவில் ஒரே உத்தரவில் அந்த ஒலிபரப்பைப் பழைய இடத்திலிருந்து தூக்கி எண்பத்தெட்டு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோய் வைத்தார்கள். நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பது வரை மட்டுமே கேட்கத் தெரிந்த லட்சக்கணக்கான பெட்டிகள் செவிடாயின. கண்டுபிடித்தவர் வழக்காடிச் சோர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். வழக்குகளை அவர் மனைவி நடத்தி முடித்தார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நீங்கள் எப்போதும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவீர்கள்.

பிறகு மேசை மேல் இருக்கும் பெட்டியைப் போடுவீர்கள். வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் விவரம் தெரியாமல் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது உங்களிடம் விட்டுப்போன பெட்டி. பிறந்த ஊரிலும் அதற்கு நிலையம் இல்லை, வந்த ஊரிலும் இல்லை. வெறும் இரைச்சல் வரும். “இந்தச் சத்தத்த மறக்காதீங்க. இந்தப் பெட்டியத் திருத்தறவன் அந்த அநியாயத்த இன்னொரு தடவ செய்யறான்” என்பீர்கள். அந்த வாக்கியம் இருபத்து மூன்று வருடமாக என் காதில் இருக்கிறது.

அந்த வருடம் உங்கள் துணைவியார் வியாகுலம்மாள் படுக்கையில் இருந்தார். நீங்கள் துறைத் தலைவர். ஆய்வுக் குழு வர இருந்தது. செவ்வாயும் வியாழனும் மதியம் எனக்கு வகுப்பு இல்லாததால், மருந்து வாங்கிக் கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டீர்கள். சமையலுக்கு வந்துகொண்டிருந்த ஷரபுன்னிசா வீட்டில் இருப்பார். முன்னறையில் உங்கள் துணைவியாருக்குக் கட்டில் போட்டிருந்தீர்கள். மருந்தைக் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவேன். ஒருநாள் அவர் சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே, இது என்றைக்காவது பேசுமா என்று கேட்டார். பேசாது என்று உங்கள் வகுப்பைச் சுருக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இருவத்தெட்டு வருஷமா இதுக்குத் தூசி தட்டறேன்ணே. இந்த வீட்டுல பேசாம இருக்கறது இதுவும் நானும்தான்.”

கொடைக்கானல் எஃப்.எம். திருச்சியில் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மறு வாரம் கையடக்க ரேடியோ ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவர் நன்றி சொல்லி வாங்கி, நான் படி இறங்குவதற்குள் ஷரபுன்னிசாவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த முறை போனபோது, தனக்குப் பாட்டு வேண்டாம், அந்தப் பெட்டி பேச வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

செய்யலாமா கூடாதா என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். வெளியே ஒரு சிறிய கருவியை இணைத்து, பெட்டிக்குள் கை வைக்காமலே பேச வைத்திருக்கலாம். அது எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் அது உங்கள் கண்ணில் படும். அந்தப் பயத்தில்தான் உள்ளே கை வைத்தேன். நல்ல வழி தெரிந்திருந்தும், மறைக்க வசதியான வழியை எடுத்தேன். இதில் அவர் பங்கு எதுவும் இல்லை. அவருக்குக் காயிலும் தெரியாது, கன்டென்சரும் தெரியாது.

நான்கு மதியங்கள் ஆயின. வால்வுகளைத் தொடவில்லை. இன்றைய எஃப்.எம். எட்டும்படி மூன்று காயில்களில் கம்பிச் சுற்றுகளைக் குறைத்தேன். நான்காவது மதியம் முள்ளை மெதுவாக நகர்த்தியபோது, டயலில் நாற்பத்து நான்கு என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரு பெண் குரல் மழை நிலவரம் சொன்னது. துளியும் கரகரப்பு இல்லை. உங்கள் துணைவியார் ஷரபுன்னிசாவைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். அதன் பிறகு நீங்கள் கல்லூரியில் இருக்கும் நேரமெல்லாம் அந்த வீட்டில் பெட்டி பேசியது. நீங்கள் வரும் நேரத்துக்கு முன்பே வால்வுகள் ஆறிவிட வேண்டும் என்று நான் ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருந்தேன். ஒருநாளும் அவர் தவறவில்லை.

செப்டம்பரில் நீங்கள் அதை வகுப்புக்கு எடுத்துப்போனீர்கள். முந்தின நாளே முள்ளை ஒரு கோடிக்குத் தள்ளி வைத்திருந்தேன். நீங்கள் ஸ்விட்சைப் போட்டீர்கள். எப்போதும்போல் குமிழைத் தொடவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது. நான் கடைசி பெஞ்சில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை அவரிடம் இதைச் சொன்னேன்.

“என்னை மாதிரியே நடிச்சிருக்கு பாருங்க. சாருக்கு எதிர்ல வாயத் தொறக்காது” என்றார். இருமல் வரும் வரை சிரித்தார்.

நவம்பரில் நேயர் விருப்பத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி என்னிடம் கொடுத்தார். தபால் பெட்டியில் போட்டேன். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அங்கே இருக்கும்போதே அதை வாசித்தார்கள். திருச்சி மேலப்புதூரிலிருந்து வியாகுலம்மாள் என்று, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக. பிறகு என்ன பாட்டு போட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. பாட்டு முடிந்ததும் அவர் சொன்னார்.

“கல்யாணமான புதுசுல ‘இந்தா’. புள்ள பொறந்ததுலேர்ந்து ‘ஆசீர் அம்மா’. இது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுருச்சுண்ணே.”

ஜனவரியில் அவர் போய்விட்டார். அடுத்த மே மாதம் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். அந்த வகுப்பு நின்றது, பெட்டியைத் துணி போட்டு மூடினீர்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. தேவைப்பட்டால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். தேவைப்படவில்லை என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டில் கேக் சாப்பிட்டேன். வந்தவர்களிடம் எல்லாம், ஆசியாவிலேயே கை படாத பெட்டி என்று நீங்கள் சொன்னபோது தலையாட்டினேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அன்று வெட்டிய கம்பித் துண்டுகளை ஒரு பிலிம் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். போன வாரம் அவற்றை எடுத்துக்கொண்டு மேலப்புதூர் போனேன். பழையபடியே சுற்றிப் ஈயத்தால் பற்றவைத்து, பற்றின் புதுப் பளபளப்பை மங்கலாக்கிவிட்டால் அருங்காட்சியக நிபுணர்களுக்கும் தெரியாது என்று கணக்கிட்டிருந்தேன். அதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று, பழைய கன்டென்சர்கள் வெடித்துவிடாமல் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் ஏற்றினேன். பெட்டி பேசியது. யாரோ ஒரு விவசாயி வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சூடான பற்றவைப்புக் கோலோடு அதை முழுவதும் கேட்டேன். அதைத் திரும்பவும் ஊமையாக்க எனக்குக் கை வரவில்லை. கோலை ஆறவைத்து, பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து இன்றோடு நான்கு நாள். அனுசுயாவிடமும் இப்போதுதான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, “காயில் கதையெல்லாம் சரளமா வருது. அந்தக்கா பேர் வர்ற எடத்துல மட்டும் பேனா நின்னு மை ஊறிக் கெடக்கே, ஏன்?” என்றாள். அதற்குப் பதிலை இந்த வயதில் நான் தேடப் போவதில்லை.

உங்களை வேண்டிக்கொள்வது இதுதான். பழைய படிவம் போகக் கூடாது. உங்கள் நேர்மையான பெயர் என் பொய்யோடு கப்பல் ஏறக் கூடாது. உண்மை தெரிந்தால் பெட்டி வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிடலாம். உங்கள் நெடுநாள் ஆசை என்னால் கெட்டுப்போகும். நீங்கள் இனி என்னோடு பேசாமலும் போகலாம். இரண்டையும் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.

இதோடு புதுப் படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறேன். யார் என்ற இடத்தில் என் பெயர். எப்போது என்ற இடத்தில் நான்கு தேதிகள். சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எதற்காக என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை. யார் கேட்டு அது செய்யப்பட்டது என்று அங்கே எழுத வேண்டும். எழுத இரண்டு முறை பேனாவை எடுத்தேன். அது என் உரிமை இல்லை என்று தோன்றியது.

மாதா உங்களுக்கு நல்ல சுகத்தையும், என்னை மன்னிக்கும் மனதையும் தரட்டும். மன்னிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த இடத்தில் தட்டச்சு வேண்டாம் சார். ஆசீர் அம்மா என்றும் வேண்டாம். உங்கள் கையாலேயே அவர் பெயரை எழுதுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அழகர்சாமி