தம்பி வீட்டில் வாடகை விருந்தாளி

2009 மார்ச் 9, திங்கள்

நான் வளர்ந்த அறைக்கே முன்பணம் கட்டி வந்து சேர்ந்தேன். வாசல் பலகையில் ‘மூதாதையர் கொடி விருந்தினர் இல்லம் – உரிமையாளர்களே உபசரிக்கும் வீடு’ என்று எழுதியிருக்கிறது. அந்த உபசரிப்பைக் கடைசிச் சொட்டுவரை வாங்கிவிடுவது என்று முடிவு.

மேசை மணியை அடித்தேன். லோதர் வந்தான். இருபத்திரண்டு வருடமாக நான் பேசாத தம்பி. பதிவு செய்தது அவன் மனைவி வால்மை. அவனிடம் சொல்லவில்லை போலும்.

“பெட்டியைத் தூக்கணும்,” என்றேன்.

இந்தப் பரோசாப் பள்ளத்தாக்கில் பிறந்த லூத்தரன் சபைக்காரன் பணம் கட்டிய விருந்தாளியைத் துரத்தமாட்டான். தூக்கினான். பெட்டியில் கலைக்களஞ்சியத்தின் கனமான தொகுதிகளாகப் பார்த்து வைத்திருந்தேன். படிப்பதற்கல்ல.

மார்ச் 10

தலையணை மெலிவு. சொன்னேன். மாற்றினான். இது தடிமன். சொன்னேன்.

மார்ச் 11

எதற்கு வந்தேன் என்பதை எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வால்மையின் ஷ்ட்ராய்சல் கேக் மறக்கடித்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் கொள்ளுத்தாத்தா நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இருந்தன. அந்தத் துண்டு உனக்குத்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்து லத்தீன் வாத்தியார் வேலை ஓய்ந்ததும் வந்து என் கையால் ஒயின் போடுவதாக இருந்தேன். 1987இல் திராட்சை விலை விழுந்தது. கொடியைப் பிடுங்கினால் அரசாங்கம் பணம் தரும் என்றார்கள். அந்த ஈஸ்டருக்கு அடிலெய்டிலிருந்து வந்தால், வெறும் மண். ஓரத்தில் அடிக்கட்டைகள் குவிந்து எரிந்துகொண்டிருந்தன. யார் செய்தது என்று கேட்டேன். அப்பா தட்டைப் பார்த்தார். லோதர் என்னைப் பார்த்தான்; வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது எனக்கு வேண்டியது ஒரே வாக்கியம். ‘நான்தான் பிடுங்கினேன்.’ அவன் வாயால், நாலுபேர் முன்னிலையில்.

மார்ச் 12

சிட்னியிலிருந்து ஒரு பல் மருத்துவரும் மனைவியும் தங்கியிருக்கிறார்கள். லோதர் அவர்களைக் கொடிகளுக்கிடையே கூட்டிப்போனான். நானும் போனேன், கட்டணத்தில் அதுவும் அடக்கம்.

“எங்க கொள்ளுத்தாத்தா கப்பல்ல வந்து எறங்கி, தன் கையால நட்டது,” என்றான்.

மருத்துவர் தொப்பியைக் கழற்றினார்.

பழைய துண்டில் 1994இல் மறுபடி நட்ட கொடிகள் அவை. வண்டியோட்ட உரிமம் வாங்கும் வயதுகூட ஆகவில்லை. கொள்ளுத்தாத்தா கல்லறையிலிருந்து எழுந்துவந்து நட்டிருந்தால் தேவாலயத்தில் அறிவித்திருப்பார்கள்.

நாளை காலைச் சாப்பாட்டில் உடைக்கிறேன். இன்று நன்றாகப் பசித்தது.

மார்ச் 13

வால்மை மெட்வுர்ஸ்ட் தொத்திறைச்சியை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “முட்டை எப்படி, பெரியவரே? இன்னிக்காவது தேறுமா?”

“முட்டை வெந்திருக்கு. கதைதான் வேகலை.” மருத்துவர் பக்கம் திரும்பினேன். “டாக்டர், நேத்து நீங்க தொப்பி கழட்டினீங்களே, அது பதினஞ்சு வருஷத்துக் கொடி. பழசை எண்பத்தேழுலயே புடுங்கியாச்சு. யார் புடுங்கினதுன்னு இவரைக் கேளுங்க.”

மருத்துவர் பிடுங்குவதையே தொழிலாகக் கொண்டவர். இருந்தும் ஜாம் பாட்டிலின் ஒட்டுத்தாளை உன்னிப்பாகப் படித்தார். லோதர் காப்பிக் கூஜாவை வைத்துவிட்டு வெளியே போனான்.

“சந்தோஷமா? இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டா?” என்றாள் வால்மை.

நான் கொட்டகைக்குப் போனேன். வாக்கியத்தை வாங்காமல் விடுவதாக இல்லை. அவன் திராட்சைத் தொட்டியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

“சொல்லுடா. ஒரே ஒரு தடவை சொல்லு.”

“வேருக்குச் சங்கிலி கட்டினது நான்.”

“ஆங்!”

“டிராக்டர் ஓட்டினது அப்பா.”

குழாயை அவன் நிறுத்தவில்லை. என் செருப்பெல்லாம் நனைந்தது.

“பேங்க்காரன் வீட்டையே எடுத்துக்க வந்துட்டான். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பான்னேன். ‘அவன் மூஞ்சியைப் பாத்து என்னால சொல்ல முடியாது. உங்கண்ணன் பெர்டோல்டுக்கு யாரையாவது திட்டியாகணும், நீ தாங்கிக்குவே’ன்னார்.”

“அவர் போய்ச் சேர்ந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா!”

“சாவு வீட்டுலகூட நீ எங்கூடப் பேசலையே அண்ணே. செவத்துக்கிட்டயா சொல்ல?”

பொய் என்று நம்பப் பார்த்தேன். முடியவில்லை. லோதருக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. கொள்ளுத்தாத்தா கதைகூட வால்மை கட்டிக்கொடுத்ததாகத்தான் இருக்கும்.

என்ன மனுஷன்யா நீ, அப்பா? சின்னப் பய தலையில பழியைத் தூக்கி வச்சுட்டு – நீ பாட்டுக்குப் போய்ட்டே. இப்ப நான் யாரைத் திட்டுறது?

மார்ச் 14

அப்பாவின் கல்லறைக்குப் போனேன். நல்ல வாக்கியங்களாகத் தயாரித்து வைத்திருந்தேன்; சில லத்தீனில். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க ஒரு குடும்பமே வந்துவிட்டது. ‘நல்ல மனுஷர் உங்கப்பா’ என்றார்கள். ஆமாம் என்று சொல்லவேண்டியதாயிற்று.

மார்ச் 15

நான் அறையைக் காலி செய்யவேண்டிய நாள். செய்யவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மார்ச் 17

பெர்த்திலிருந்து புது விருந்தாளிகள். ஒரு அம்மாள், கணவர், பெரிய கேமரா. லோதர் கொடிகளைக் காட்டக் கூட்டிப்போனான். வழக்கமாகக் கொள்ளுத்தாத்தா கப்பலிலிருந்து இறங்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டான். நான் பின்னால் நிற்பது தெரியும்.

“எவ்வளவு பழைய கொடிங்க இது?” என்றாள் அந்த அம்மாள், கேமராவைத் தூக்கியபடி.

லோதர் இலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“பதினஞ்சு வருஷம்,” என்றேன். “அதுக்கு முந்தி கொள்ளுத்தாத்தா நட்டது இருந்துச்சு. கஷ்ட காலம். நாங்க புடுங்கிட்டோம்.”

அவள் ஒரு படமும் எடுக்காமல் கேமராவை மூடினாள். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

“ரெண்டு பெட்டி ஒயினாவது வாங்கியிருப்பாங்க,” என்றான் லோதர். “உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னா? அறிவிருக்கா உனக்கு?”

அங்கிருந்து சமையலறைவரை விடாமல் திட்டிக்கொண்டே வந்தான். நான் கூடவே நடந்தேன்.